தப்படி வீட்டு நடை

அகமது கபீர் துபாயிலிருந்து கொண்டு வந்த ஷூ டப்பாவைக் கையில் வாங்கியதும் உமாசங்கர் செய்த முதல் காரியம், அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்ததுதான். உள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் டப்பாவை ஒட்டிக் கொடுத்துவிட்டானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"ஏலே, என்னத்தக் குலுக்குத? உள்ள ஜோடி ஷூ இருக்கு. இருக்கதுலயே லேசா உள்ளதா வேணும்னு நீதான சொன்ன? கடை கடையா ஏறி, ஒவ்வொண்ணையும் கையில தூக்கிப் பாத்து வாங்கிருக்கேன். கறிக்கடைக்கு வந்தவன்னு நெனச்சிருப்பான் கடைக்காரன்" என்று கபீர் சிரித்தான். கடையநல்லூர்க்காரன். கல்லூரியில் உமாசங்கரோடு ஒரே டீமில் பாஸ்கெட்பால் ஆடியவன். இப்போது லீவுக்கு வந்திருந்தான்.

உமாசங்கர் டப்பாவைத் திறந்தான். வெள்ளையில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஷூ. மேல்பாகம் முழுக்க மெல்லிய வலை. கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது, அதற்கு மேல் ஒரு இஞ்ச் கூட ஏறவில்லை. ஒற்றை ஷூவை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தான். ஒரு பெரிய கொய்யாப்பழத்தைவிடக் கனம் குறைவாகத்தான் இருக்கும். அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து கபீருக்கே ஆச்சரியம். நாற்பத்திரண்டு வயதில், தென்காசியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு ஒரு ஷூ கிடைத்ததில் இத்தனை சந்தோஷமா?

கபீருக்கு விஷயம் தெரியாது. அந்த ஷூ எதற்காக என்று தெரிந்தவன் உமாசங்கர் ஒருவன்தான். அவனுக்குள்ளே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி, திருநெல்வேலியில் இருக்கும் ஒரு நரம்பு டாக்டர் அம்மா.

உமாசங்கரின் வலது கால் கனக்க ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கால் என்று அவன் சொல்லவே மாட்டான். ஷூ கனக்கிறது என்பான். அவனிடம் இருந்தது கணுக்காலுக்கு மேல் வரை ஏறி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுகிற பழைய ஷூ. தண்ணீரில் நனைந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும். அதனால் ஓடும்போது வலது கால் பின்தங்குவதற்கு அந்த ஷூதான் காரணம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். வீட்டில் செருப்புப் போட்டு நடக்கும்போதும் கால் விரல் தரையில் தட்டியது. அதற்கு செருப்பு காரணம். வெறுங்காலோடு படி ஏறும்போதும் தட்டியது. அதற்குப் படி காரணம். கொத்தனார் சரியாகக் கட்டவில்லை என்று மூன்று நாள் ஏசினான்.

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவன் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. புதிதாக ஓட்டுகிறவர்கள் பஸ்ஸுக்கு நேராகப் போகும்போது இவன் மிதிக்க வேண்டும். அந்த பிரேக்கை எப்போதோ அவன் இடது காலுக்கு மாற்றிவிட்டான். எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்தால் பதில் சொல்ல வேண்டி வரும்.

தென்காசிக்காரனுக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் மருந்து ஒன்றுதான். முதுகு பிடித்தாலும் அருவி, மூக்கடைத்தாலும் அருவி, சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம் என்றாலும் அருவி. பக்கத்திலேயே குற்றாலம் இருக்கும்போது டாக்டரிடம் போகிறவன் விவரங்கெட்டவன் என்று ஒரு எண்ணம் இங்கே எல்லோருக்கும் உண்டு. வெளியூர்க்காரன் செலவழித்துக்கொண்டு வருகிறான், நாம் சும்மா இருக்கலாமா? உமாசங்கரும் கோடை முழுக்கப் பொறுத்திருந்தான். சீசன் ஆரம்பித்துத் தண்ணீர் விழட்டும், ஒரு மாதம் காலைக் கொடுத்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று. தண்ணீரும் விழுந்தது. ஐந்தருவியில் கூட்டம் சேரும் முன்பே போய், எண்ணெய் தேய்த்து, வலது காலை மட்டும் அருவிக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் குளித்தவர்கள் இவனை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். அவ்வளவு தண்ணீர் அடித்தும் பாதத்தில் அடி சரியாகத் தெரியவில்லை. முழங்காலில் தெரிந்தது, கெண்டைக்காலில் பாதி தெரிந்தது, பாதத்தில் யாரோ தூரத்தில் கதவைத் தட்டுவதுபோல இருந்தது. குளிரில் மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அவன் மனைவி ஜோதிலட்சுமிதான் விடவில்லை. "சுளுக்குன்னா ஒரு வாரம். ரத்தக்கட்டுன்னா ஒரு மாசம். ஒரு வருசமா என்ன சுளுக்கு இது? ஒழுங்கா திருநெல்வேலிக்குப் போயி காட்டிட்டு வாங்க. இல்லன்னா நான் சோறாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால் போனான்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் தப்படி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உமாசங்கரின் பூர்வீகம் கீழப்பாவூர்ப் பக்கம். அங்கே ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. இவர்களுக்குத் தப்படி வீடு. தப்படி என்றால் ஒரு எட்டு, நிலத்தைக் காலால் அளந்து போடுவார்களே, அது. இவனுடைய பூட்டனார் வயல் வரப்பில் நடந்து வந்தால் முழங்கால் மேலே உயரும், பாதம் தப்பென்று தரையில் விழும். அரை மைல் தூரத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சத்தம் கேட்டுவிடும். "தப்படி வாராரு" என்று நிமிர்ந்துவிடுவார்கள். அந்த நடை அவருடைய மகனுக்கு வந்தது. அவருடைய மகன், அதாவது உமாசங்கரின் அப்பா சிவசைலத்துக்கும் வந்தது. கோவில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் சிவசைலம் நடந்து வருவதைப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். நெஞ்சை நிமிர்த்தி, காலை உயரத் தூக்கி, தப், தப் என்று வைத்து வருவார். நிலம் வைத்திருந்த வீட்டின் மிடுக்கு என்று ஊர் சொன்னது. நிலமெல்லாம் கைமாறிப் போன பிறகும் நடை மட்டும் போகவில்லை, பார்த்தாயா என்று வீட்டுக்காரர்களுக்கும் அதில் ஒரு பெருமை.

கடைசிக் காலத்தில் சிவசைலம் வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். முன் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தப்படி வீட்டுக்காரர் யாரையும் தேடிப் போகமாட்டார், வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும் என்று அதற்கும் ஒரு பெருமை பேசினார்கள். ஒருநாள் குளியலறையில் விழுந்தார். தலைசுற்றல் என்றார்கள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. உமாசங்கரின் மகள் ஸ்ரீமதி அப்போது சின்னப் பிள்ளை. தாத்தா மாதிரி நடந்து காட்டு என்று யாராவது சொன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முழங்காலை உயர்த்தி வீட்டைச் சுற்றி வருவாள். எல்லோரும் கை தட்டுவார்கள்.

இந்தப் பெருமையோடுதான் உமாசங்கர் டாக்டர் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

அவர் காலைப் பிடித்துப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், ஊசி குத்தி கரண்ட் வைத்துப் பார்க்கிற பரிசோதனைக்கு அனுப்பினார். எல்லாம் முடிந்து வந்ததும் கேட்டார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கால்ல இந்த மாதிரி பிரச்சினை இருந்திருக்கா?"

"இல்ல மேடம். எங்க வீட்ல எல்லாரும் நல்லா நடப்பாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தப்படி வீட்டுக்காரனுக்கு அந்த இடத்தில் நிறுத்த வருமா? "சும்மா நல்லா இல்ல மேடம். எங்க அப்பா நடந்து வந்தா ஊரே நின்னு பாக்கும். எங்க வீட்டுக்குப் பேரே தப்படி வீடுதான்" என்றான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்படி நடப்பாங்க? கொஞ்சம் நடந்து காட்டுங்க."

உமாசங்கர் உற்சாகமாக எழுந்தான். பேன்ட்டைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். கதவிலிருந்து நோயாளியைப் படுக்க வைக்கும் கட்டில் வரை, நெஞ்சை நிமிர்த்தி, முழங்காலை உயர்த்தி, தப், தப் என்று அப்பாவைப்போலவே நடந்து காட்டினான். சின்ன அறையில் சத்தம் எடுப்பாகக் கேட்டது. திரும்பி நின்று, "அவரு இன்னும் நல்லா நடப்பாரு மேடம். எனக்கு இம்புட்டுத்தான் வருது" என்று சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க தாத்தா?"

"அவரும் இப்படித்தான். அவரோட அப்பாவும்…" சொல்லிக்கொண்டே வரும்போது அவனுக்குக் குரல் இறங்கியது. ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கியிருக்க வேண்டும்.

அவர் பொறுமையாகச் சொன்னார். முன்பாதத்தைத் தூக்குகிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற வியாதி இது. பாதம் தொங்கிவிடும். அது தரையில் இடிக்காமல் இருக்க முழங்காலை உயரத் தூக்க வேண்டி வரும். தூக்கிய பாதம் மெதுவாக இறங்காது, சத்தத்தோடு விழும். "அது உங்க வீட்டு நடை இல்ல சார். நோய். நாலு தலைமுறையா யாரும் டாக்டர்ட்ட காட்டல, அவ்வளவுதான்."

உமாசங்கர் நின்றுகொண்டே இருந்தான். உட்காரலாம் என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

"உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா முழுசா சரியாகாது. கால் கெண்டைக்குப் பின்னால வச்சுக் கட்டுற ஒரு பிளாஸ்டிக் பட்டை எழுதித் தாரேன். அது பாதத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கும்." எழுதிக்கொண்டே கேட்டார். "பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. பதிமூணு வயசு."

"கூட்டிட்டு வாங்க. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. சிலருக்கு உங்கள மாதிரி லேட்டா வரும், பல பேருக்கு அந்தப் பொண்ணு வயசுலயே ஆரம்பிச்சிரும். சீக்கிரம் பாத்தா கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாவூர்சத்திரம் தாண்டும்வரை அவன் அழுதுகொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர் என்ன ஏது என்று கேட்டதற்கு, கண்ணில் தூசி என்றான். தென்காசி நெருங்க நெருங்க அழுகை நின்று கோபம் வந்தது. யாரைப் பார்த்து நோய் என்கிறாள்? நடந்து காட்டு என்று சொல்லி நடக்க வைத்துவிட்டு, அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறாளே. இத்தனை வருடம் பாஸ்கெட்பால் கோர்ட்டில் குதித்தவன் நான். நோயாளியா குதிப்பான்? ஷூ கனம். அந்தப் பழைய சனியன் பிடித்த ஷூதான் காரணம். பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கையோடு துபாயில் இருந்த கபீருக்கு போன் போட்டு, இருப்பதிலேயே லேசான பாஸ்கெட்பால் ஷூ வேண்டும் என்றான்.

வீட்டுக்கு வந்து ஜோதிலட்சுமியிடம், "சுளுக்குதான். டாக்டரம்மா சிரிக்காங்க" என்று சொன்னான். பிளாஸ்டிக் பட்டையை வாங்கியிருந்தான். அதைக் கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் போட்டு வைத்தான்.

அன்றிலிருந்து ஒரு காரியத்தை அவன் கவனமாகச் செய்தான். மகள் நடக்கும்போது பார்க்க மாட்டான். அவள் அறையிலிருந்து வந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவான். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டால் அவள் கேட்டுக்குள் போகும்வரை நின்று பார்ப்பது வழக்கம், இப்போது அவள் இறங்கியதும் வண்டியைத் திருப்பிவிடுவான். ஒருநாள் ஜோதிலட்சுமி மகளின் ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து, "போன வருசம் எடுத்தது, அதுக்குள்ள முனையில தேஞ்சு ஓட்டை விழுந்துட்டு. போற வழியில இருக்க கல்லெல்லாம் எத்திக்கிட்டே போவா போல" என்று அலுத்துக்கொண்டாள். உமாசங்கர் ஷூவைப் பார்க்கவில்லை. எந்தக் கால் ஷூ என்று கேட்கவும் இல்லை. குளிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

எல்லாவற்றையும் அந்தப் புது ஷூவின்மேல் ஏற்றி வைத்திருந்தான். லேசான ஷூவைப் போட்டுக்கொண்டு பழையபடி ஓடிவிட்டால் டாக்டர் சொன்னது தப்பு. டாக்டர் சொன்னது தப்பென்றால் ஸ்ரீமதிக்கு ஒன்றும் இல்லை. அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போகவே வேண்டாம். இது கிறுக்குத்தனம் என்று அவனுக்கும் கொஞ்சம் தெரியும். பயந்தவன் வேறு என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குற்றாலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து சிமெண்ட் கோர்ட்டில் விளையாட்டு. சாரல் சற்றுமுன்தான் விட்டிருந்தது. மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. வெளிச்சம் வந்தும் வராமல், நாள் முழுக்க இப்படியேதான் இருக்கும் என்று தோன்றுகிற காலை. ரோட்டில் வெளியூர் வேன்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தன. கபீர் வந்திருந்தான். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் பாண்டியராஜ் வந்திருந்தான், இவர்கள் டீமில் ரிங்குக்குக் கீழே நின்று ஆடிய பழைய சென்டர், இப்போது வயிறு அவனுக்கு முன்னால் போகும். இன்னும் நாலைந்து பேர். விளையாடி முடித்து அருவிக்குப் போகலாம் என்று ஸ்ரீமதியும் கூட வந்து, துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக மேடைப் பக்கம் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

உமாசங்கர் ஷூவைப் போட்டு எழுந்து நின்றான். போட்டதே தெரியவில்லை. ரிங்குக்குக் கீழே நின்று பந்தை எறிந்தான். விழுந்தது. ஓரத்தில் போய் நின்று எறிந்தான். அதுவும் விழுந்தது. கை பழையபடி இருந்தது. இரண்டு காலும் ஊன்றி நின்று எறிவதற்குப் பாதத்தைத் தூக்கத் தேவையில்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. மெதுவாகப் பந்தைத் தட்டிக்கொண்டு கோர்ட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னவே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீரு. ஷூவா றெக்கையா அது?" என்றான் பாண்டியராஜ்.

"பந்தைப் போடுலே முதல்ல" என்றான் உமாசங்கர்.

ஆட்டம் தொடங்கியது. ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை எடுத்த பாண்டியராஜ், "ஓடு ஓடு" என்று கத்திக்கொண்டே அதை நீளமாக முன்னால் எறிந்தான். உமாசங்கருக்கு முன்னால் யாரும் இல்லை. ரிங்கும் பந்தும் அவனும்தான். ஆயிரம் தடவை ஓடிய ஓட்டம். இடது கால் போனது, வலது கால் போனது, மறுபடி இடது கால் போனது. வலது கால் வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை. ஷூவின் முனை தரையில் குத்தி மடங்கியது. முகம் குப்புற விழுந்து கொஞ்ச தூரம் சறுக்கினான். முழங்கை இரண்டும் உரிந்தன. பந்து அதன் பாட்டுக்கு உருண்டு போய் வேலியில் நின்றது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். "தரை ஈரம்லா, பாத்து வரக் கூடாதா?" என்றான் பாண்டியராஜ். "புது ஷூ, பிடிமானம் வர நாலு நாளாவும்" என்றான் கபீர். சறுக்கி விழவில்லை, முனை தட்டி விழுந்தான் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. உமாசங்கருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர்கள் நீட்டியதை வாங்கிக்கொண்டான். "ஆமா, ஈரந்தான்" என்றான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தின் நீள வராந்தாவுக்குப் போனான். வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. ஓடு போட்ட கூரை. தரை காய்ந்து கிடந்தது.

ஈரமில்லாத தரையில் நடந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தான். நடந்தான். இடது பாதம் சத்தமில்லாமல் இறங்கியது. வலது பாதம், தப். நின்றான். குனிந்து கயிற்றை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினான். நடந்தான். தப். மெதுவாக நடந்தால் வராது என்று மெதுவாக நடந்தான். மெதுவாக நடந்தாலும் தப். வலையால் செய்த அந்த ஷூவுக்குப் பாதத்தைப் பிடித்து வைக்கிற சக்தி இல்லை. அது தன் பாட்டுக்குத் தொங்கியது.

அப்போதுதான் பழைய ஷூ அவன் நினைவுக்கு வந்தது. கணுக்காலுக்கு மேலே ஏறி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுகிற அந்த ஷூ. டாக்டர் கொடுத்த பட்டை என்ன வேலை செய்யுமோ அதைத்தான் அது இத்தனை நாளும் செய்துகொண்டிருந்திருக்கிறது. பாதத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதைப் போய் எத்தனை ஏச்சு ஏசினான்! ஷூ லேசாகிவிட்டது, கனம் அப்படியே இருக்கிறது. இனி பழியைப் போட எதுவும் மிச்சமில்லை.

வராந்தாவின் கடைசித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடி சாரல் ஆரம்பித்து ஓட்டின்மேல் விழுந்தது. கோர்ட்டில் பாண்டியராஜ் யாரையோ கேலி செய்து சிரிப்பது கேட்டது.

பின்னால் தப் என்று ஒரு சத்தம் கேட்டது.

அவன் நகரவில்லை. அவனுடைய இரண்டு கால்களும் நின்ற இடத்தில் நின்றன. மறுபடி, தப். ஒரு பாதம் சத்தமில்லாமல் இறங்க, அடுத்த பாதம் சத்தத்தோடு விழுந்தது. சத்தம் வராந்தா வழியாக அவனை நோக்கி நெருங்கி வந்தது. திரும்பக் கூடாது, திரும்பினால் எல்லாம் முடிந்துவிடும் என்று தூணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, கை எல்லாம் ரத்தம். வலிக்கா?" என்றாள் ஸ்ரீமதி. துண்டைத் தண்ணீரில் நனைத்து அவன் முழங்கையைத் துடைத்தாள். அவன் படியில் உட்கார்ந்து புது ஷூவைக் கழற்றினான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழற்றிப் போட்ட ஷூவை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "என்னப்பா இது, ஒண்ணுமே தூக்காத மாதிரி இருக்கு!" என்றாள்.

"ம்."

"எனக்கும் இதே மாதிரி வாங்கித் தாங்கப்பா. இது ரொம்ப கனக்கு." தன் பள்ளிக்கூட ஷூவைக் காட்டினாள். "ஓடும்போது இந்தக் கால் மட்டும் கூட வரவே மாட்டேங்கு. பி.டி. டீச்சர் தெனமும் ஏசுதாங்க, காலைத் தூக்கி வையிட்டின்னு. ஷூ கனமா இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்காங்க."

உமாசங்கர் பார்த்தான். இத்தனை நாள் பார்க்காமல் தள்ளிப்போட்டதைப் பார்த்தான். வலது கால் ஷூ. முனை தேய்ந்து, ஓட்டை வழியாக சாக்ஸ் தெரிந்தது. இடது ஷூ புதிதுபோல இருந்தது.

"எப்ப இருந்து?" என்று கேட்டான்.

"போன லீவுல இருந்து. கொஞ்ச நாளாத்தான். அம்மாட்ட சொன்னா நான் எத்தி எத்தித் தேய்க்கேன்னு ஏசுதா."

"ஷூவைக் கழட்டு" என்றான். கழற்றினாள். "அந்தக் கதவு வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டு." சொன்ன பிறகுதான், இது டாக்டர் அம்மா சொன்ன வார்த்தை என்பது அவனுக்கு நினைவு வந்தது.

அவள் வெறுங்காலோடு நடந்தாள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வலது முழங்கால் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தது. பாதம் தப்பென்று சிமெண்டில் விழுந்தது. சின்ன வயதில் வீட்டைச் சுற்றி வந்து கைதட்டல் வாங்கின அதே நடை. அவனுக்குள் கடைசியாக ஒரு ஆசை எழுந்தது. விளையாடுகிறாள், வேண்டுமென்றே செய்கிறாள்.

"தாத்தா நடை வேண்டாம்ட்டி. விளையாடாத. உன் நடை நட" என்றான்.

ஸ்ரீமதி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. "என் நடைதாம்ப்பா இது" என்றாள்.

அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். நீண்ட நேரம் துடைத்தான். அவள் கதவு வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள், தப், தப் என்று. முன்னால் வந்து நின்று, "நல்லா நடக்கேனா?" என்று கேட்டாள்.

"நல்லா நடக்கே" என்றான் உமாசங்கர். "நம்ம வீட்ல எல்லாரும் நல்லா நடப்போம்லா."

அவள் சிரித்தாள். அவன் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். அவளுடைய வலது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, முன்பாதத்தைக் கையால் மெல்ல மேலே தள்ளிப் பிடித்தான். கையை எடுத்ததும் அது கீழே தொங்கியது. மறுபடி தூக்கிப் பிடித்தான். சாரல் வலுத்து, கோர்ட்டில் இருந்தவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் ஜோதிலட்சுமியிடம் என்ன சொல்வது, எங்கே ஆரம்பித்துச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டுரு. திருநெல்வேலிக்குப் போயிட்டு வருவோம். நீ, நான், அம்மா மூணு பேரும்" என்றான்.

"எதுக்குப்பா? எனக்கு ஷூ வாங்கவா?"

அவன் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆமா."

"லேசா உள்ளதா வாங்கணும். சரியா?"

"இருக்கதுலயே லேசா உள்ளதா வாங்குவோம்" என்றான் உமாசங்கர்.